அல்சேஷனை உருவாக்கிய குதிரைப்படை அதிகாரி

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் பம்புசெட் கொட்டகைக்கும் மணிலாக் களத்துக்கும் காவலாக அல்சேஷன் நாய் வளர்ப்பவர்கள் பலர். அவர்களில் சிலர் கால்நடை மருந்தகத்தில் சொல்லும் புகார் ஒன்று உண்டு. வாங்கி ஓராண்டு, இரண்டாண்டு ஆனதும் நாய் ஓயாமல் சொறிகிறது, பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கிறது, காதில் நாற்றம் அடிக்கிறது. ஊசி போட்டால் சில நாள் நிற்கிறது, பிறகு திரும்ப வருகிறது. இந்த அரிப்பின் ஒரு வேர் நம் மண்ணின் ஈரத்தில் இருக்கிறது. இன்னொரு வேர் ஜெர்மனியில் மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்ற மனிதரின் வாழ்க்கையில் இருக்கிறது.

ஸ்டெஃபானிட்ஸ் 1864-ம் ஆண்டு டிசம்பர் 30-ம் தேதி டிரெஸ்டன் நகரில் உயர்குடிக் குடும்பத்தில் பிறந்தார். விவசாயத்தில் நாட்டம் இருந்தாலும், குடும்பத்தின் விருப்பப்படி ராணுவத்தில் சேர்ந்து குதிரைப்படை அதிகாரியானார். பணிக்காலத்தில் பெர்லின் கால்நடை மருத்துவக் கல்லூரியில் சிலகாலம் இருக்க வாய்ப்பு கிடைத்தது. உடற்கூறு, அசைவு, இனப்பெருக்கம் பற்றி அங்கே கற்றதுதான் பிற்காலத்தில் அவருக்கு முதலீடானது. 1898-ல் கேப்டனாக உயர்ந்தார். ஆனால் நாடக நடிகை ஒருவரை மணந்ததால், அந்தஸ்துக்குப் பொருந்தாத திருமணம் என்று ராணுவத்தை விட்டு விலக நேர்ந்தது. பவேரியாவில் கிராஃப்ராத் என்ற ஊரில் பண்ணை அமைத்துக் குடியேறினார்.

வேலியில்லா வயலும் மந்தை நாயும்

அன்றைய ஜெர்மனியில் பயிர் நிலங்களுக்கு இடையே வேலி கிடையாது. அறுவடை முடிந்த நிலத்தில் ஆடு மேய்ந்துகொண்டிருக்க, பக்கத்து நிலத்தில் பயிர் நிற்கும். ஆடு பயிரில் வாய் வைக்காதபடி வரப்போரமாகவே நாள் முழுவதும் ஓடிக்கொண்டிருப்பது நாயின் வேலை. சுருக்கமாகச் சொன்னால், கால் முளைத்த வேலி. கிடை போடும் நம் ஊர்க் கீதாரிகளுக்கு இந்த வேலையின் அருமை தெரியும்.

அந்த நாய்கள் ஊருக்கு ஒரு மாதிரியாக இருந்தன. நிறம், காது, வால், ரோமம் எதிலும் ஒற்றுமை இல்லை. அவற்றை ஓர் இனமாக்க 1891-ல் ஃபைலாக்ஸ் என்ற சங்கம் தொடங்கப்பட்டது. தோற்றம் முக்கியமா, வேலை முக்கியமா என்ற சச்சரவிலேயே சில ஆண்டுகளில் அது கலைந்துபோனது. வேலைத்திறனே முதன்மை என்ற பக்கம் நின்றவர் ஸ்டெஃபானிட்ஸ்.

1899 ஏப்ரல் 3-ம் தேதி, கார்ல்ஸ்ரூஹே நகரில் நடந்த நாய்க் கண்காட்சிக்கு நண்பர் ஆர்ட்டூர் மேயருடன் சென்றார். அங்கே ஹெக்டர் என்ற நாயைப் பார்த்தார். ஓநாய் போன்ற உடல்வாகு, சோர்வில்லாத நடை, சொன்னதைச் சட்டென்று பிடிக்கும் அறிவு. உடனே விலைபேசி வாங்கி, தன் பண்ணையின் பெயரைச் சேர்த்து ஹோராண்ட் ஃபான் கிராஃப்ராத் என்று பெயர் மாற்றினார். அதே மாதம் 22-ம் தேதி ஜெர்மன் ஷெப்பர்டு நாய்ச் சங்கம் உருவானது. அதன் தலைவரானார். சங்கத்தின் வம்சாவளிப் பதிவேட்டில் முதல் எண் ஹோராண்டுக்கே கிடைத்தது.

ஒரே நாயிலிருந்து ஓர் இனம்

விதைப் பெருக்கம் தெரிந்தவர்களுக்கு அடுத்து நடந்தது எளிதில் புரியும். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் பழைய நிலக்கடலை ரகமான டிஎம்வி 2, குடியாத்தம் கொத்துக்கடலையில் நல்ல செடிகளாகத் தேர்ந்தெடுத்துச் சேர்த்து உருவாக்கப்பட்டது. தேர்ந்தெடுப்பு சீரான பயிரைத் தரும். அதேசமயம் மரபு அடித்தளத்தைக் குறுக்கும். ஒரு செடிக்கு உள்ள பலவீனம் ரகம் முழுவதற்கும் பொதுவாகிவிடக்கூடும்.

நாயிலும் இதுவே நடந்தது. ஹோராண்டின் உருவத்தையும் குணத்தையும் நிலைநிறுத்த, அவன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நெருங்கிய உறவுக்குள்ளேயே இணை சேர்க்கப்பட்டன. அவனுடைய மகன் ஹெக்டர் ஃபான் ஷ்வாபன் 1900, 1901 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இனத்தின் முதல்பரிசு பெற்றது. சில தலைமுறைகளுக்குள் எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரிகிற ஓர் இனம் உருவாகிவிட்டது. அதோடு உறவுக் கலப்பின் குறைகளும் தலைகாட்டின. ஸ்டெஃபானிட்ஸ் அதைக் கவனிக்காமல் இல்லை. மந்தைகளில் வேலை செய்துகொண்டிருந்த, உறவில்லாத நாய்களின் வழிகளையும் கலப்பில் சேர்த்தார்.

ஆலைகள் பெருகி மேய்ச்சல் குறைந்தபோது இந்த நாய்க்கு வேலை போய்விடுமோ என்ற கவலை அவருக்கு வந்தது. போலீசையும் ராணுவத்தையும் அணுகினார். முதல் உலகப் போரில் செய்தி கொண்டுசெல்லவும், காயம்பட்டவர்களைக் கண்டுபிடிக்கவும், காவலுக்கும் இந்த நாய்கள் பயன்பட்டன. பார்வை இழந்த வீரர்களுக்கு வழிகாட்டும் நாய்ப் பள்ளி 1916-ல் ஓல்டன்பர்க்கில் தொடங்கியது. ஜெர்மனி என்ற பெயரையே வெறுத்த பிரிட்டன் இந்த இனத்துக்கு அல்சேஷன் என்று வேறு பெயர் சூட்டியது. அங்கே பழைய பெயர் மீண்டது 1977-ல்தான். நம் கிராமங்களில் இன்றும் அல்சேஷன் என்ற பெயரே வழங்குகிறது.

போருக்குப் பின் தேவை கூடியது. குட்டி விற்பதே தொழிலானது. நாய்கள் உயரமாகவும் கட்டமாகவும் மாறின, குணமும் கெட்டது. இதைத் தடுக்க, உடலமைப்பையும் குணத்தையும் சோதித்து இனப்பெருக்கத்துக்குத் தகுதி சொல்லும் முறையைச் சங்கத்தில் கொண்டுவந்தார். 1925-ல் முதல்பரிசை வேண்டுமென்றே உயரம் குறைந்த, நீண்ட உடலுள்ள க்ளோடோ ஃபான் பாக்ஸ்பெர்க் என்ற நாய்க்குக் கொடுத்து, இனத்தின் போக்கையே திருப்பினார். ஆனால் இனி அந்த நாயின் குட்டிகள்தான் வேண்டும் என்று எல்லோரும் ஓடியதால், அடித்தளம் மறுபடியும் குறுகியது.

நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் சங்கத்தின் மீது நெருக்கடி வந்தது. 36 ஆண்டுகள் நடத்திய சங்கத்தை 1935-ல் விட்டு விலகினார். மறு ஆண்டு ஏப்ரல் 22-ம் தேதி, சங்கம் தொடங்கிய அதே நாளில், 71 வயதில் காலமானார்.

நம் கொட்டகையில் தொடரும் கதை

அவர் விட்டுச்சென்ற இனத்தில், மரபுவழி ஒவ்வாமை தோல் நோய்க்கு ஆளாகும் தன்மை மற்ற பல இனங்களைவிட அதிகம். பெரும்பாலும் ஆறு மாதம் முதல் மூன்று வயதுக்குள் தொடங்கும். பாதம், காது, முகம், அக்குள், அடிவயிறு ஆகிய இடங்களில் அரிப்பு இருக்கும். வீட்டுத் தூசியில் வாழும் நுண்சிலந்தி, பூஞ்சைத்தூள், மகரந்தம் ஆகியவை இதைத் தூண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்து ஈரம் நுண்சிலந்திக்கும் பூஞ்சைக்கும் ஏற்றது. அடர்ந்த ரோமத்துக்குள் ஈரம் தங்கினால் சீழ்க்கொப்புளமும் சேர்ந்துகொள்ளும்.

முதலில் வேறு காரணங்களை ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். வால் அடியிலும் முதுகிலும் அரிப்பு என்றால் தெள்ளுப்பூச்சியைச் சந்தேகிக்கலாம். தோலைச் சுரண்டிப் பரிசோதித்தால் சொறிப்பூச்சி இருக்கிறதா என்று தெரியும். உணவு ஒவ்வாமையா என்று அறிய, இதுவரை தின்னாத ஒரே ஒரு வகை இறைச்சியுடன் சோறு கொடுத்து எட்டு வாரம் பார்க்க வேண்டும். அந்த நாட்களில் பால், பிஸ்கட், மீந்த குழம்பு எதுவும் கூடாது. இவை அத்தனையும் இல்லை என்றான பிறகே மரபுவழி ஒவ்வாமை என்று முடிவு செய்வர்.

இந்த நோய்க்கு முழுக் குணம் கிடையாது, கட்டுப்பாடு உண்டு. வாரம் ஒருமுறை மருத்துவர் சொல்லும் குளோர்ஹெக்சிடின் ஷாம்பு தேய்த்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, நன்றாக அலசி, உலர்த்த வேண்டும். மழையில் நனைந்தால் துடைத்துவிட வேண்டும். சாக்குப் படுக்கையை அடிக்கடி வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போட வேண்டும். கடலை உடைக்கும் இடத்திலும், வைக்கோல் போர் அருகிலும் நாயைக் கட்டாதீர்கள். உலர் தீவனத்தைச் சிறு பையாக வாங்கி மூடிய டின்னில் வையுங்கள். தெள்ளுப்பூச்சி, உண்ணி மருந்தை ஆண்டு முழுவதும் தவறாமல் கொடுங்கள்.

மருந்துக் கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் கொடுப்பதுதான் பெரிய ஆபத்து. அரிப்பு உடனே அடங்கும். ஆனால் தசை கரையும், தோல் மெலியும், தொற்று எளிதில் பிடிக்கும், சர்க்கரை நோயும் வரலாம். நீண்டநாள் கொடுத்திருந்தால் திடீரென்றும் நிறுத்தக் கூடாது, மருத்துவர் வழியே படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஒக்லாசிட்டினிப், சைக்ளோஸ்போரின் போன்ற மாற்று மருந்துகள் உள்ளன. அவற்றையும் மருத்துவர் பார்த்தே தர வேண்டும். கழிவு எண்ணெய், மண்ணெண்ணெய், பயிருக்கு அடிக்கும் பூச்சிக்கொல்லி ஆகியவற்றைத் தோலில் பூசவே கூடாது. நாய் அதை நக்கி விஷமாகி இறக்க நேரிடும். உள்ளூர் மருந்தகத்தில் தீராவிட்டால் புதுச்சேரி குரும்பாபேட்டையில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ, சென்னை வேப்பேரி கல்லூரி மருத்துவமனைக்கோ கொண்டுசெல்லலாம்.

இன்னொன்று முக்கியம். ஒவ்வாமை உள்ள நாயை, எவ்வளவு அழகாக இருந்தாலும், இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது, கருத்தடை செய்துவிடுவது நல்லது. குட்டி வாங்கும் முன் தாயை நேரில் பாருங்கள், தகப்பனைப் பற்றியும் விசாரியுங்கள். தோலில் தழும்பு, காதில் நாற்றம், ரோமம் உதிர்ந்த பாதம் தெரிந்தால் திரும்பி வந்துவிடுங்கள். நாய் நாயகன் என்று பெயரெடுத்த அந்தக் குதிரைப்படை அதிகாரி கடைசிவரை போராடியது இதற்காகத்தான். பரிசுக் கோப்பையைப் பார்த்து இணை சேர்க்காதே, வேலை செய்யும் ஆரோக்கியமான உடலைப் பார்த்துச் சேர் என்பதே அவர் வாழ்க்கை காட்டும் பாடம். விதைக்கடலை பொறுக்கும்போது நாம் கடைப்பிடிக்கும் கவனம், குட்டி பொறுக்கும்போதும் வேண்டும்.