மொலோக்காய் தமியான் சுவாமிகள்

பசிபிக் மாசமுத்திரத்தின் நடுவே ஹவாய் என்னும் தீவுக்கூட்டம் உளது. அவற்றுள் ஒன்றாகிய மொலோக்காயின் வடபுறத்தில், மூன்று பக்கம் கடலும் ஒரு பக்கம் வானளாவிய செங்குத்து மலையும் சூழ்ந்த சிறு நிலமுனை ஒன்று இருக்கின்றது. மனிதர் காவல் வைக்குமுன்னே இயற்கை காவல் வைத்த இடம். ஹவாய் அரசாங்கத்தார் 1865ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றி, தொழுநோய் கண்டவர்களைக் குடும்பத்தினின்று பிரித்து, அடுத்த ஆண்டு ஜனவரி முதல் இங்கே கொண்டுவந்து இறக்கினர். கணவனை விட்டு மனைவியும், தாயை விட்டுப் பிள்ளையும் வந்து சேர்ந்தனர். வந்தவர்கள் பயிரிட்டுத் தாமே பிழைத்துக்கொள்வர் என்பது அரசாங்கத்தாரின் எண்ணம். விரல் இழந்தவன் மண்வெட்டியை எங்ஙனம் பிடிப்பான் என்று ஒருவரும் கேட்கவில்லை போலும்.

இவ்விடத்திற்குத் தாமாகவே சென்றவர் தமியான் சுவாமிகள். இவர் 1840ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள் பெல்ஜியம் தேசத்து ட்ரெமெலோ கிராமத்தில், தானிய வியாபாரி ஒருவரின் ஏழாவது மகவாகப் பிறந்தார். ஞானஸ்நானப் பெயர் யோசேப்பு, அதாவது சூசை. தமையனார் சேர்ந்திருந்த திரு இருதயங்களின் சபையிலேயே தாமும் சேர்ந்து தமியான் என்னும் பெயர் பூண்டார். ஹவாய்க்குப் போகவிருந்தவர் உண்மையில் அத்தமையனாரே. அவர் ஜுரத்தில் விழவே, இன்னும் குருப்பட்டம் பெறாத தம்பி, தலைமைச் சிரேஷ்டருக்கு நேரே விண்ணப்பம் எழுதித் தமையனாரின் இடத்தைக் கேட்டு வாங்கினார். பிறனுக்கு நியமித்த சுமையைத் தன் தோளில் ஏற்றிக்கொள்ளும் அவ்வழக்கம் அப்போதே தொடங்கிற்று என்க. 1864ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் நாள் ஹொனலூலு துறைமுகத்தில் இறங்கினார். அது அர்ச். சூசையப்பர் திருநாள், தபசு காலத்தில் குருத்து ஞாயிற்றுக்கு முந்திய நாள். இரு மாதங்களில் அந்நகரிலேயே குருப்பட்டம் பெற்று, ஒன்பது ஆண்டுகள் பெரிய தீவில் ஊழியஞ் செய்தார். அவ்வாண்டுகளைப் பற்றி இங்கு விரிப்பதற்கில்லை.

1873ஆம் ஆண்டு மே மாதத்தில் மேற்றிராணியார் மெக்ரே ஆண்டகை, மொலோக்காயிலுள்ள நோயாளருக்குக் குரு ஒருவரும் இல்லாத குறையைத் தம் குருக்களிடம் எடுத்துரைத்தார். எவரையும் கட்டளையிட்டு அனுப்ப அவர் மனம் ஒப்பவில்லை. இளங்குருக்கள் நால்வர் முறை வைத்துப் போக முன்வந்தனர். முதல் முறை தமியான் சுவாமிகளுடையது. அந்த முதல் முறையே பதினாறு ஆண்டுகள் நீண்டது. மே 10ஆம் நாள் கரையிறங்கியவர், தங்க வீடின்றிச் சில இரவுகள் ஒரு தாழை மரத்தடியில் உறங்கினார். அங்கிருந்தோர் 600 பேருக்குக் குறையார்.

அவர் முதலிற் செய்தவை பிரசங்கங்களல்ல. மலைப்பள்ளத்தாக்கில் நீர் கண்டு, குழாய் பதித்துக் குடியிருப்புக்குக் கொணர்ந்தார். காற்றில் சாய்ந்த கொட்டில்களுக்குப் பதிலாகப் பலகை வீடுகள் எழுப்பினார். போர்த்தக்கூட ஒன்றுமின்றிப் புதைக்கப்பட்டோருக்குத் தம் கையால் சவப்பெட்டி செய்து, தாமே குழியும் வெட்டினார். புண்களைக் கழுவிக் கட்டினார். துர்நாற்றம் பொறாமல் புகைக்குழாய் பிடிக்கப் பழகினார் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. சேப்பங்கிழங்கை அவித்து இடித்துச் செய்த கூழை அத்தீவினர் ஒரே பாத்திரத்தில் விரலிட்டு உண்பது வழக்கம். சுவாமிகளும் அவர்களோடு அமர்ந்து, அதே பாத்திரத்தில் விரலிட்டு உண்டார். தபசு காலத்தில் நாம் உண்ணாமலிருந்து தவஞ் செய்கின்றோம். இவரோ உண்டு தவஞ் செய்தார்.

இங்கே ஒரு சிறு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நம் தமிழில் கேட்போரையும் உட்படுத்தி நாம் என்போம்; அவரை விலக்கி நாங்கள் என்போம். ஆங்கிலத்தில் இப்பேதமில்லை, ஹவாய் மொழியில் உண்டு. பிரசங்கத்தில் தாம் சகோதரரே என்று அழைப்பதில்லையென்றும், தொழுநோயாளராகிய நாம் என்றே பேசுவதாகவும், வந்த ஆண்டிலேயே தமையனாருக்கு எழுதினார் சுவாமிகள். நோய் கண்ட பின்னரே அவ்வாறு பேசத் தொடங்கினார் என்று பலர் கதை சொல்லுவர். கதை அழகியதே, ஆயினும் உண்மை அதனினும் பெரிது. அவர் அச்சொல்லை வழங்கியபோது அவர் உடலில் ஒரு வடுவும் இல்லை. சொல்லுக்கும் உடலுக்கும் இடையே பதினோராண்டு சென்றது. 1884ஆம் ஆண்டு டிசம்பரில் ஒருநாள் கொதிக்கும் நீரில் பாதம் வைத்தார்; தோல் வெந்தது, வலியோ தெரியவில்லை. அடுத்த ஆண்டு வைத்தியர் நோயை உறுதி செய்தனர்.

அவர் மொலோக்காய்க்குச் சென்ற அதே 1873ஆம் ஆண்டில், நார்வே தேசத்து ஹான்சன் என்னும் வைத்தியர் இந்நோயின் கிருமியைக் கண்டார். பயனுள்ள மருந்து கிடைப்பதற்கோ 1940களாயிற்று. இந்நோய் பெரும்பாலாரைத் தொற்றாதென்றும், சிகிச்சையால் முழுவதும் குணமாகுமென்றும் இன்று அறிவோம். அவர் அறியார்.

சுவாமிகளிடம் குறையில்லை என்பது கருத்தன்று. முன்கோபி; பிடிவாதக்காரர்; அரசாங்கச் சுகாதார சபையாரிடம் பலகைக்கும் துணிக்கும் ஓயாது வாதாடினவர். லண்டனில் ஆங்கிலிக்கன் குருவானவர் சாப்மன் பணந்திரட்டி அனுப்பியபோது, இவர் புகழ் தேடுகின்றார் என்று சொந்தச் சிரேஷ்டர்களே ஐயுற்றனர். நோயினும் இதுவே அவரை மிகுதியாய் வருத்திற்று. தொடக்கத்தில் ஒருமுறை, சிரேஷ்டர் வந்த கப்பலினின்று அவரைக் கரையிறங்கக் கப்பல் தலைவன் விடவில்லை. சுவாமிகள் படகில் சென்று, கீழே நின்றபடியே மேற்தளத்திலிருந்த அவருக்குக் கேட்கும்படி உரத்த குரலில் பிரெஞ்சு மொழியில் பாவசங்கீர்த்தனம் செய்தார். தம் பாவத்தைக் கூவிச் சொல்லத் துணிந்தவர் புகழுக்காக உழைத்தார் என்பது நம்பத்தக்கதோ?

கடைசி ஆண்டுகளில் துணை வந்தது. 1886இல் அமெரிக்கப் போர்வீரராயிருந்த ஜோசப் டட்டனும், 1888இல் மரியான் கோப் அம்மாளும் இரு கன்னியரும் வந்தனர். டட்டன் நாற்பத்து நான்கு ஆண்டுகள் அங்கே உழைத்தார்.

1889ஆம் ஆண்டில் விபூதித் திருநாள் மார்ச் 6ஆம் நாள் வந்தது. கோயிலைப் பெரிதாக்கும் வேலை முடியாதிருந்தது. அம்மாத இறுதியில் சுவாமிகள் படுக்கையில் விழுந்தார். தரையில் விரித்த வைக்கோல் மெத்தையே அவர் படுக்கை. கட்டிலை ஏற்கச் செய்வது பெரும்பாடாயிற்று. பாஸ்குத் திருநாளை மோட்சத்தில் கொண்டாடுவதாக நம்பிக்கை கொண்டிருந்தார். பெரிய வாரத்துத் திங்கட்கிழமை, ஏப்ரல் 15ஆம் நாள் காலை, நாற்பத்தொன்பதாம் வயதில் உயிர் நீத்தார். முதலிரவு உறங்கிய தாழை மரத்தடியிலேயே அடக்கஞ் செய்தனர்.

அவர் இறந்தபின் ஹொனலூலுவின் ஹைட் என்னும் போதகர் அவரைத் தூற்றி எழுதிய கடிதம் பத்திரிகையில் வெளியாயிற்று. சுவாமிகளின் சபையைச் சேராதவரும் பிரசித்த நூலாசிரியருமான ஸ்டீவன்ஸன், அத்தீவிற்குச் சென்று நேரிற் கண்டவராதலால், 1890இல் கடுமையான மறுப்பு எழுதினார். சுவாமிகளின் குறைகளை அவர் மறுக்கவில்லை, ஒப்புக்கொண்டே வாதாடினார்.

பெல்ஜியம் அரசாங்கத்தார் 1936ஆம் ஆண்டில் சுவாமிகளின் உடலைத் தாய்நாட்டு லூவேன் நகருக்குக் கொண்டு சென்றனர். தீவினர் இதனால் மிக வருந்தினர். 2009ஆம் ஆண்டு அர்ச்சிஷ்டவராக உயர்த்தப்பட்ட அவருக்கு, மொலோக்காயில் கரையிறங்கிய மே 10ஆம் நாளே திருநாளாயிற்று. அதற்கு முன்னமே, 1995ஆம் ஆண்டில், புண் கழுவிய அவருடைய வலக்கரத்தின் எலும்புகளை மட்டும் தீவினர் திரும்பப் பெற்று, பழைய கல்லறையில் வைத்தனர்.