ராமானுஜனின் உயிரைப் பறித்தது காசநோயா, கல்லீரலா?

கணித மேதை ராமானுஜன் எப்படி இறந்தார்? பெரும்பாலானவர்கள் சொல்லும் பதில், காசநோய். பள்ளியில் அப்படித்தான் படித்தோம். ஆனால் 1994-இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வு வேறு உறுப்பைக் கைகாட்டியது: கல்லீரல். இது ஏன் முக்கியம்? அந்தக் காலத்திலேயே மருந்து இருந்த ஒரு நோய் அது!

காஞ்சிபுரத்துக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

1887 டிசம்பர் 22-இல் ஈரோட்டில் பிறந்தார் ராமானுஜன். அப்பா சீனிவாச அய்யங்கார், கும்பகோணத்தில் ஒரு புடவைக் கடையில் கணக்கு எழுதியவர். அம்மா கோமளத்தம்மாளின் அப்பா, காஞ்சிபுரம் நீதிமன்றத்தில் வேலை பார்த்தார். அதனால் ராமானுஜனின் சின்ன வயசில் சில காலம் காஞ்சிபுரத்தில் கழிந்தது. தாத்தாவின் வேலை போனதும் அந்தக் காஞ்சிபுர வாழ்க்கையும் முடிந்தது. பிறகு கும்பகோணம், சென்னை என மாறி மாறிப் படித்தார்.

கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் போகவில்லை. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கிடைத்த உதவித்தொகையை இழந்தார். 1906-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே படிக்கும்போதுதான் கடுமையான வயிற்றுக்கடுப்பு வந்து, படிப்பை நிறுத்தி ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. இந்த ஒரு தகவலை ஞாபகம் வச்சுக்கோங்க. கதையின் திருப்பம் இதில்தான் இருக்கிறது.

இங்கிலாந்தில் என்ன நடந்தது?

1909-இல் ஜானகியுடன் திருமணம். 1912-இல் சென்னை துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தர் வேலை. 1913-இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம். 1914 மார்ச்சில் கப்பல் ஏறினார்.

போர்க்காலம், குளிர், சைவ உணவுக்குத் தட்டுப்பாடு. 1917-இல் படுத்த படுக்கையானார். விட்டு விட்டுக் காய்ச்சல், உடல் எடை மளமளவெனக் குறைந்தது. ஒரு மருத்துவர் வயிற்றுப்புண் என்றார், இன்னொருவர் காசநோய் என்றார், கல்லீரலுக்குப் பரவிய புற்றுநோயோ என்றுகூடச் சந்தேகம் வந்தது. கடைசியில் காசநோய் என்ற முடிவே நிலைத்தது.

நடுவில் 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர், டிரினிட்டி கல்லூரி ஃபெல்லோ என்ற பெருமைகளும் வந்தன. 1919-இல் ஊர் திரும்பினார். 1920 ஜனவரியில்கூட, படுக்கையில் இருந்தபடியே மாக் தீட்டா சார்புகள் பற்றி ஹார்டிக்கு எழுதினார். ஏப்ரல் 26-ஆம் தேதி சென்னை சேத்துப்பட்டில் இறந்தார். வயசு 32.

கல்லீரல் எங்கிருந்து வந்தது?

பிரிட்டனைச் சேர்ந்த டாக்டர் டி.ஏ.பி. யங், பழைய மருத்துவக் குறிப்புகளையும் கடிதங்களையும் அலசி 1994-இல் கட்டுரை எழுதினார். அவர் முடிவு: கல்லீரல் அமீபா நோய்.

அமீபா எப்படி கல்லீரலுக்குப் போகும்? அசுத்தமான தண்ணீர், உணவு வழியாகக் குடலுக்குள் நுழைகிறது. அங்கே வயிற்றுக்கடுப்பை உண்டாக்குகிறது. முழுசாகக் குணமாகாவிட்டால், குடல் சுவரைத் துளைத்து, ரத்தக்குழாய் வழியாகக் கல்லீரலை அடையும். பல வருஷம் கழித்துக்கூடக் கட்டியாக வெளிப்படலாம். இந்தியாவில் ராமானுஜனுக்கு இருந்த வயிற்றுக்கடுப்புக்கும், பின்னால் வந்த காய்ச்சலுக்கும் யங் முடிச்சுப் போட்டது இப்படித்தான்.

சரி, கல்லீரல் மேல் அமீபாவுக்கு ஏன் இவ்வளவு பிரியம்? ஒரு காரணம் கொலஸ்ட்ரால். இந்த அமீபாவுக்குச் சொந்தமாகக் கொலஸ்ட்ரால் தயாரிக்கத் தெரியாது, நம்மிடமிருந்து எடுத்துக்கொள்ளும். நம் உடலில் கொலஸ்ட்ரால் அதிகம் தயாராகும் இடம் கல்லீரல். ஆய்வகத்தில் பல காலம் வளர்த்து வீரியம் இழந்த அமீபாவுக்குக் கொலஸ்ட்ரால் கொடுத்தாலோ, ஹாம்ஸ்டர் என்ற எலி இன விலங்கின் கல்லீரலில் வளரவிட்டாலோ, இழந்த வீரியம் திரும்புவதை விஞ்ஞானிகள் பார்த்திருக்கிறார்கள். சாதாரண சுண்டெலிகளின் கல்லீரலில் இது எளிதில் தங்காது. அதனால் ஹாம்ஸ்டரையும், நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாத எலி வகைகளையும் வைத்தே இந்த நோயை ஆராய்கிறார்கள். ஒரு விஷயம், எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டால் இந்த நோய் வரும் என்று அர்த்தம் கிடையாது. நோய் வரும் வழி, அசுத்தமான தண்ணீரும் உணவும்தான்.

காப்பாற்றியிருக்கலாமா?

வேதனையான பகுதி இது. அமீபா நோய்க்கு எமட்டின் ஊசி பலன் தருகிறது என்பதை 1912-இலேயே கல்கத்தாவில் லியோனார்ட் ரோஜர்ஸ் காட்டிவிட்டார். ராமானுஜன் கப்பல் ஏறுவதற்கு 2 வருஷம் முன்பே! யங் சொல்வது சரியென்றால், மருந்து இருந்தும் நோயின் பெயர் தெரியாமல் ஒரு மேதையை இழந்திருக்கிறோம்.

ஆனால் இது யூகம்தான், தீர்ப்பு அல்ல. உறுதி செய்ய ஸ்கேனோ திசு மாதிரியோ கிடையாது. ஆவணங்களை வைத்துப் பார்த்தால் பொருந்துகிறது, அவ்வளவே. அந்தக் கட்டுரை வெளியான அதே 1994-இல்தான், கணவரை இழந்து 70 வருஷத்துக்கும் மேல் வாழ்ந்த ஜானகி அம்மாளும் காலமானார்.

இன்று வயிற்றில் ஒரு அல்ட்ராசவுண்ட், ஒரு ரத்தப் பரிசோதனை, மெட்ரோனிடசோல் மாத்திரை. பெரும்பாலானவர்களுக்குக் குணமாகிவிடும். வயிற்றுக்கடுப்பு வந்துபோனதை மறந்துவிடாதீர்கள். பிறகு காய்ச்சலோடு வலது விலாப் பக்கம் வலித்தால், அந்தப் பழைய கதையையும் மருத்துவரிடம் சேர்த்துச் சொல்லுங்கள்.