ஜோசப் பாசல்ஜெட்

சர் ஜோசப் வில்லியம் பாசல்ஜெட் (மார்ச் 28, 1819 - மார்ச் 15, 1891) ஓர் ஆங்கிலேயக் குடிசார் பொறியியலாளர் ஆவார். 19ஆம் நூற்றாண்டில் இலண்டன் மாநகரின் நிலத்தடிக் கழிவுநீர்க் கால்வாய் வலையமைப்பைத் திட்டமிட்டுக் கட்டியவர் இவரே. தேம்சு ஆற்றங்கரையில் இவர் அமைத்த கரைச்சாலைகள், ஒரே கட்டுமானத்துக்குள் சாலை, கழிவுநீர்க் கால்வாய், குழாய்ச் சுரங்கம், தொடருந்துப் பாதை ஆகியவற்றை இணைத்த முன்னோடி முயற்சிகளுள் ஒன்றாகக் கருதப்படுகின்றன.

இளமைக் காலம்

பாசல்ஜெட் இலண்டனுக்கு வடக்கே உள்ள என்ஃபீல்டில் பிறந்தார். இவரது குடும்பம் பிரான்சிலிருந்து இங்கிலாந்தில் குடியேறியது. தந்தை கடற்படை அதிகாரியாக இருந்தவர். பாசல்ஜெட் பொறியியலாளர் சர் ஜான் மக்னீலிடம் பயிற்சி பெற்று, அயர்லாந்தில் நிலவடிகால், நிலமீட்புப் பணிகளில் அனுபவம் பெற்றார். 1842இல் இலண்டனில் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். 1845இல் மரியா கோ என்பவரை மணந்தார். இவர்களுக்குப் பதினொரு பிள்ளைகள். அக்காலத்தில் தொடருந்துப் பாதைத் திட்டங்கள் பெருகியிருந்தன. அவற்றின் பணிச்சுமையால் 1847இல் இவரது உடல்நலம் குன்றியது. நலம் பெற்ற பின்னர், 1849இல் இலண்டன் கழிவுநீர் ஆணையத்தில் துணை அளவையாளராகச் சேர்ந்தார். 1852இல் அதன் பொறியியலாளரானார். 1856இல், புதிதாக அமைக்கப்பட்ட மாநகரப் பணிகள் வாரியத்தின் தலைமைப் பொறியியலாளராகப் பொறுப்பேற்றார்.

இலண்டனின் நிலை

அந்நாளில் இலண்டனின் பழைய கால்வாய்கள் மழைநீரை ஆற்றுக்குக் கொண்டு செல்வதற்காகவே கட்டப்பட்டவை. வீட்டுக் கழிவுகள் நிலத்தடிக் குழிகளில் தேங்கின. நீர்க் கழிப்பறைகள் பரவியதும், கழிவுக் குழிகள் மூடப்பட்டு வீடுகள் இக்கால்வாய்களுடன் இணைக்கப்பட்டதும் நிலைமையை மோசமாக்கின. மாநகரின் கழிவு முழுவதும் தேம்சு ஆற்றில் கலந்தது. கடல் ஏற்றத்தின்போது அது மீண்டும் நகருக்குள் திரும்பி வந்தது. அதே ஆற்றிலிருந்தே மக்களில் பலருக்குக் குடிநீரும் எடுக்கப்பட்டது. 1848-49 வாந்திபேதிக் கொள்ளைநோயில் இலண்டனில் 14,000 பேருக்கு மேலும், 1853-54இல் 10,000 பேருக்கு மேலும் இறந்தனர்.

பாசல்ஜெட்டின் திட்டம் 1856இலேயே அணியமாக இருந்தது. ஆயினும் கழிவு வெளியேறும் இடம் எது என்பது குறித்து அரசுக்கும் வாரியத்துக்கும் இடையே எழுந்த கருத்து வேறுபாட்டால் பணி தொடங்கவில்லை. 1858 கோடையில் வெப்பம் கடுமையானபோது ஆற்றின் நாற்றம் நாடாளுமன்றக் கட்டடத்தையே சூழ்ந்தது. சாளரங்களில் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்த துணிகளைத் தொங்கவிட்டும் பயனில்லை. இந்நிகழ்வு பெருநாற்றம் என அழைக்கப்படுகிறது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம், வாரியம் கடன் பெற்றுப் பணியைத் தொடங்க அதிகாரமளிக்கும் சட்டம் நிறைவேறியது.

கால்வாய் அமைப்பு

பாசல்ஜெட்டின் திட்டம் எளிய கருத்தை அடிப்படையாகக் கொண்டது. பழைய கால்வாய்கள் ஆற்றை நோக்கிச் சென்றன. புதிய பெருங்கால்வாய்கள் ஆற்றுக்கு இணையாக மேற்கிலிருந்து கிழக்காக அமைந்து, கழிவு ஆற்றை அடையும் முன்னரே அதை இடைமறித்தன. மைலுக்கு ஏறத்தாழ 2 அடி சரிவு கொடுக்கப்பட்டதால் நீர் பெரும்பாலும் புவியீர்ப்பால் தானே ஓடியது. தாழ்ந்த பகுதிகளில் நீரை மேலேற்ற டெப்ட்ஃபோர்டு, கிராசுனசு, ஆபி மில்சு ஆகிய இடங்களில் நீராவி எந்திர நிலையங்கள் அமைக்கப்பட்டன. கழிவு நகருக்குக் கிழக்கே தேக்கி வைக்கப்பட்டு, கடல் வற்றும்போது மட்டும் ஆற்றில் விடப்பட்டது.

82 மைல் (132 கி.மீ.) பெருங்கால்வாய்களும் சுமார் 1,100 மைல் (1,800 கி.மீ.) தெருக் கால்வாய்களும் இத்திட்டத்தில் அடங்கின. சுமார் 31.8 கோடி செங்கற்கள் பயன்பட்டன. அன்று பெரிய பணிகளில் பரவலாகப் பயன்படாத போர்ட்லண்டு சிமெண்டை இவர் தேர்ந்தெடுத்தார். தரம் குறைந்தால் கட்டுமானமே கெடும் என்பதால் சிமெண்டின் வலிமையைத் தொடர்ந்து சோதிக்கும் முறையையும் கட்டாயமாக்கினார். கிராசுனசு நிலையத்தை ஏப்ரல் 4, 1865இல் வேல்சு இளவரசர் திறந்து வைத்தார். முழுத்திட்டம் 1875இல் நிறைவடைந்தது.

சாலைகளும் நிலத்தடிச் சேவைகளும்

வடகரையின் தாழ்மட்டக் கால்வாயை நெரிசல் மிகுந்த இசுட்ராண்டு சாலையைத் தோண்டி அமைத்திருந்தால் வணிகமும் போக்குவரத்தும் முடங்கியிருக்கும். இதைத் தவிர்க்க, ஆற்றின் ஓரத்தை நிரப்பி விக்டோரியா கரைச்சாலை கட்டப்பட்டது. கருங்கல் சுவருக்குப் பின்னே கழிவுநீர்க் கால்வாயும், அதன் மேல் எரிவாயு, குடிநீர்க் குழாய்களுக்கான சுரங்கமும், அருகே நிலத்தடித் தொடருந்துப் பாதையும், எல்லாவற்றுக்கும் மேலே அகன்ற சாலையும் அமைந்தன. இது 1870இல் திறக்கப்பட்டது. ஆல்பர்ட், செல்சி கரைச்சாலைகளும் இவரது பணிகளே.

ஒவ்வொரு நிறுவனமும் தன் குழாயைப் பழுதுபார்க்கச் சாலையை மீண்டும் மீண்டும் தோண்டுவது அக்காலத்திலேயே பெருந்தொல்லையாக இருந்தது. வாரியம் 1861இல் அமைத்த காரிக் தெருவிலும், பின்னர் அமைத்த சதக் தெருவிலும் ஆள் நடந்து செல்லக்கூடிய குழாய்ச் சுரங்கங்கள் கட்டப்பட்டன. இதனால் சாலையை உடைக்காமலே பழுதுபார்க்க முடிந்தது. சாஃப்ட்சுபரி நிழற்சாலை, சாரிங் கிராசு சாலை, இன்றைய பட்னி, அம்மர்சுமித், பட்டர்சீ பாலங்கள் ஆகியனவும் இவரது காலத்துப் பணிகளாகும்.

விளைவுகளும் குறைகளும்

நோய் கெட்ட காற்றால் பரவுகிறது என்பதே அன்றைய பொதுவான நம்பிக்கை. மருத்துவர் ஜான் சுனோ 1854இல் நீரே காரணம் எனக் காட்டியும் பெரும்பாலோர் ஏற்கவில்லை. நாற்றத்தை நீக்கவே கட்டப்பட்ட கால்வாய்கள் குடிநீரைக் கழிவிலிருந்து பிரித்ததால் நோயையும் நீக்கின. 1866இல் வாந்திபேதி மீண்டும் வந்து 5,500 பேருக்கு மேல் இறந்தபோது, புதிய அமைப்புடன் அதுவரை முழுமையாக இணைக்கப்படாத கிழக்கு இலண்டனே பெரிதும் பாதிக்கப்பட்டது. அதன் பின்னர் இலண்டனில் அத்தகைய கொள்ளைநோய் ஏற்படவில்லை.

எனினும் இத்திட்டம் கழிவைச் சுத்திகரிக்கவில்லை. கிழக்கே நகர்த்தியது மட்டுமே. 1878இல் பிரின்சசு ஆலிசு என்னும் பயணிகள் கப்பல் வெளியேற்ற இடங்களுக்கு அருகில் மூழ்கி 600 பேருக்கு மேல் இறந்தபோது இக்குறை வெளிச்சத்துக்கு வந்தது. 1887 முதல் கசடு பிரிக்கப்பட்டுக் கப்பல்களில் கடலுக்குக் கொண்டு செல்லப்பட்டது. இம்முறை 1998இல் நிறுத்தப்பட்டது.

இறுதிக் காலம்

பாசல்ஜெட் சர் பட்டம் பெற்றார். குடிசார் பொறியியலாளர் கழகத்தின் தலைவராகவும் பணியாற்றினார். 1889இல் வாரியம் கலைக்கப்பட்டபோது ஓய்வு பெற்று, 1891இல் விம்பிள்டனில் காலமானார். விக்டோரியா கரைச்சாலையில் இவருக்கு நினைவுச் சின்னம் உள்ளது.

இவரது கால்வாய்கள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. பெருமழையின்போது மழைநீருடன் கழிவும் ஆற்றில் வழிவதைக் குறைக்க, 25 கி.மீ. நீளமான தேம்சு டைட்வே சுரங்கம் கட்டப்பட்டு 2025இல் முழுப் பயன்பாட்டுக்கு வந்தது. அது பாசல்ஜெட்டின் அமைப்புக்கு மாற்றாக அன்றி, அதனுடன் இணைந்தே இயங்குகிறது.