தளவாய் அரியநாத முதலியார்

மதுரை அருள்மிகு மீனாட்சி சுந்தரேசுவரர் திருக்கோயிலின் ஆயிரங்கால் மண்டப வாயிலில், பரிமேல் அமர்ந்த வீரர் ஒருவரின் சிலை அடியார்களை வரவேற்கின்றது. அம்மண்டபத்தை 1569ஆம் ஆண்டில் எழுப்பிய தளவாய் அரியநாத முதலியாரின் திருவுருவமே அது.

தொண்டை மண்டலத்துக் காஞ்சிபுரத்தை அடுத்த மெய்ப்பேடு என்னும் சிற்றூரில் வேளாளர் குடியில் தோன்றியவர் அரியநாதர். இளமையில் அவர் துயில்கையில் நாகமொன்று படம் விரித்து நிழல் தந்தது என்பது செவிவழிக் கதை. கணக்கிலும் போர்ப்பயிற்சியிலும் தேர்ந்த அவர், விசயநகரம் சென்று கிருஷ்ணதேவராயரின் அரசவையில் இடம்பெற்றார்.

பின்னர் விசுவநாத நாயக்கர் மதுரையில் ஆட்சி நிறுவியபோது, படைத்தலைமைக்குரிய தளவாய்ப் பதவியும் முதலமைச்சருக்குரிய பிரதானிப் பதவியும் அரியநாதரிடமே ஒப்படைக்கப்பட்டன. பாண்டிய மரபினரும் குறுநிலத் தலைவர்களும் ஆங்காங்கே தனியாட்சி நடத்திய காலம் அது. அவர்களை வாளால் அடக்கினால் மீண்டும் எழுவர். அடக்காது விட்டால் நாடு சிதறும். இவ்விக்கட்டில் தோன்றியதே பாளையப்பட்டு முறை. நாடு 72 பாளையங்களாகப் பகுக்கப்பட்டது. மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களுக்கும் பாளையத்திற்கு ஒன்றாகக் காவற்பொறுப்பு அளிக்கப்பட்டது. வருவாயில் ஒரு பங்கு அரசுக்கும், ஒரு பங்கு படைக்கும், எஞ்சியது பாளையக்காரருக்கும் என வகுத்தனர். பகைவராகக்கூடியவர் இவ்வாறு காவலராயினர். இவ்வமைப்பு சில வேளைகளில் உட்பூசலுக்கும் இடமளித்தது எனினும், இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் நிலைத்து, 1801ஆம் ஆண்டில் ஆங்கிலேயரால் ஒழிக்கப்பட்டது.

1565ஆம் ஆண்டில் தலைக்கோட்டைப் போரில் விசயநகரம் வீழ்ந்தது. பேரரசின் வலிமை குன்றிய அந்நாளிலும் மதுரை நிலைகுலையாது நின்றது. விசுவநாதருக்குப் பின் கிருஷ்ணப்பர், வீரப்பர் முதலிய நாயக்கர்களுக்கும் அரியநாதர் துணை நின்றார். படையும் கருவூலமும் தம் கையில் இருந்தும் அரியணையை அவர் கவர முனைந்ததில்லை. அதுவே அவர்தம் பெருமையின் உச்சம்.

அவர் எழுப்பிய மண்டபத்தின் பெயர் ஆயிரங்கால் எனினும், தூண்கள் 985 ஆகும். 1600ஆம் ஆண்டில் அரியநாதர் மறைந்தார். அவர் கட்டிக்காத்த நாயக்கர் அரசு 1736ஆம் ஆண்டில் முடிவுற்றது, பாளையங்களும் மறைந்தன. அம்மையப்பருக்கு அவர் அர்ப்பணித்த மண்டபம் மட்டும் இன்றும் நிலைபெற்றுள்ளது. அதிகாரம் காலத்தோடு கழியும். ஆலயத்திருப்பணி தலைமுறைகளைக் கடந்து வாழும் என்பதற்கு அப்பெருமகனாரின் வாழ்வே சான்று.