பச்சையப்ப முதலியார்: உயில் எழுதியது 1794-ல், பள்ளி திறந்தது 1842-ல்... நடுவில் 48 வருஷம் என்ன நடந்தது?

சென்ட்ரலில் இருந்து கோயம்பேடு பக்கம் போகும் மெட்ரோவில் கீழ்ப்பாக்கம் தாண்டினால் பச்சையப்பன் கல்லூரி நிலையம் வரும். தினமும் ஆயிரக்கணக்கானோர் கேட்கும் பெயர். ஆனால் அந்தப் பெயருக்குரியவர் கல்லூரி எதையும் கட்டவில்லை. 40 வயதில் உயில் எழுதி வைத்துவிட்டு இறந்து போனார், அவ்வளவுதான். மிச்சத்தைச் செய்தது அந்தக் காகிதம். அதுவும் லேசில் நடந்துவிடவில்லை.

யார் இந்தப் பச்சையப்பர்?

பிறந்தது 1754, பெரியபாளையத்தில். தந்தை விசுவநாத முதலியார், மகன் பிறப்பதற்கு முன்பே காலமாகிவிட்டார். தாய் பூச்சியம்மாள் வறுமையில் பிள்ளையைச் சென்னைக்குக் கூட்டி வந்தார். இங்கே ஆதரவு கொடுத்தவர் பவுனி நாராயண பிள்ளை. ஆங்கிலேய வணிகர்களிடம் துபாஷி. துபாஷி என்றால் வெறும் மொழிபெயர்ப்பாளர் இல்லை. வெள்ளைக்காரருக்கும் ஊருக்கும் நடுவில் நின்று வியாபாரத்தையே நடத்தும் ஆள்.

பையன் அந்தத் தொழிலை அவரிடமே கற்றுக்கொண்டான். இளம் வயதிலேயே சொந்தமாகச் சம்பாதிக்க ஆரம்பித்து, பிறகு தானும் துபாஷியாகி, தஞ்சாவூர் வரை போய் வரிக் குத்தகை, கடன் கொடுக்கல் வாங்கல் என்று பெரும் பணம் சேர்த்தார். அந்தக் காலக் கம்பெனி ஆட்சியில் பணம் புரண்ட இடமே இதுதான். அதில் எல்லாமே சுத்தமான லாபம் என்று சொல்ல முடியாது. ஆனால் வந்த பணத்தில் கோயில் திருப்பணி, அன்னதானம் என்று கை தாராளமாகவே இருந்தது. இப்போதைய புதுப்பேட்டை பக்கம், கோமளீஸ்வரன்பேட்டையில், காலையில் கூவத்தில் குளித்துவிட்டுக் கோமளீஸ்வரரைக் கும்பிடுவார் என்று சொல்வார்கள். ஆமாம், கூவத்தில்தான்!

கடைசி நாட்களில் எழுதிய உயில்

1794 மார்ச். தஞ்சைச் சீமையில் இருந்தபோது உடல்நிலை மோசமானது. ஆண் வாரிசு இல்லை. மிச்சம் இருந்தது சில நாட்கள்தான். அப்போதுதான் உயில் எழுதினார். சொத்தில் பெரும் பகுதி கோயில் கைங்கரியங்களுக்கும் தான தர்மங்களுக்கும். நிறைவேற்றும் பொறுப்பு, தன்னை வளர்த்த நாராயண பிள்ளைக்கு. அந்த மாதம் முடிவதற்குள் இறந்துவிட்டார்.

அதோடு தர்மம் நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. உறவினர்களுக்குள் தகராறு, வழக்கு, மேல் வழக்கு. பணம் பல கைகளில் மாட்டிக்கொண்டது. எழுதியவர் உயிரோடு இல்லை. தர்மத்தால் பயன்பெற வேண்டிய ஏழைகள் வக்கீல் வைத்து வரப்போவதும் இல்லை. தர்மத்துக்கு எழுதும் உயிலுக்கு இதுதான் பெரிய ஆபத்து. வீட்டை மகனுக்கு எழுதினால் மகன் வந்து கேட்பான். ஊருக்கு எழுதினால் யார் வந்து கேட்பது?

இங்கே அரசு வழக்கறிஞர் கேட்டார். தர்ம சொத்துக்கு அரசே காவல் என்ற அடிப்படையில், சென்னையின் அட்வகேட் ஜெனரலாக இருந்த ஹெர்பர்ட் காம்ப்டன் விஷயத்தைக் கையில் எடுத்தார். பின்னால் அதே பதவிக்கு வந்த ஜார்ஜ் நார்ட்டன் விடாமல் நடத்தி முடித்தார். அன்றைய சென்னை சுப்ரீம் கோர்ட் வழியாகப் பணம் மீட்கப்பட்டது.

இதில் ஒரு வேடிக்கை: இழுத்தடித்த வருஷங்களில் வட்டி ஏறி ஏறி, கோயில் தர்மங்களுக்கு ஒதுக்கியது போகவும் பெரும் தொகை மிஞ்சியது. தர்மத்துக்கு என்று எழுதிய பணம் மிஞ்சினால் அது சொந்தக்காரர்களுக்குத் திரும்பாது, வேறொரு நல்ல காரியத்துக்கே போக வேண்டும் என்பது நீதிமன்றங்கள் பின்பற்றும் கொள்கை. அந்த உபரி, படிப்புக்குப் போனது.

1842 ஜனவரி 1. பிராட்வேயில் பள்ளி திறந்தது. மிஷனரி பணமும் இல்லை, கம்பெனி பணமும் இல்லை. ஒரு தமிழரின் உயில் பணம். 1850-ல் இப்போதைய என்.எஸ்.சி. போஸ் சாலையில் கிரேக்கக் கோயில் பாணியில் பச்சையப்பன் மண்டபம் எழுந்தது. பள்ளி வளர்ந்து 1889-ல் முதல் நிலைக் கல்லூரியாகி, 1940-ல் சேத்துப்பட்டுக்குக் குடிபோனது. கணித மேதை ராமானுஜன் படித்ததும் (தேர்வில் தவறியதும்!) இங்கேதான். அண்ணா படித்ததும் இங்கேதான். ஒரு குறையும் உண்டு: 1947 வரை இந்து மாணவர்களுக்கு மட்டுமே இடம். அதன் பிறகுதான் கதவு எல்லோருக்கும் திறந்தது.

இன்று ஒருவர் இப்படி எழுத முடியுமா?

முடியும். மயிலாப்பூரில் ஃபிளாட்டோ, அடையாறில் பாதி வீடோ, வங்கி டெபாசிட்டோ, சுயமாகச் சம்பாதித்ததை விருப்பப்பட்ட அறக்கட்டளைக்கு எழுதலாம். இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925-ன்படி உயிலில் கையெழுத்தும், இரண்டு சாட்சிகளும் வேண்டும். பதிவு கட்டாயம் இல்லை, ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் செய்து வைப்பது பின்னால் உதவும். அறக்கட்டளையின் முழுப் பெயர், முகவரி, பணம் எதற்கு என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். முக்கியமாக, யார் நிறைவேற்றுவது, அவரால் முடியாவிட்டால் அடுத்து யார் என்று இரண்டு பெயர் போடுவது நல்லது. பச்சையப்பர் கதையில் சிக்கல் விழுந்த இடமே அதுதான்.

சாகும் தறுவாயில் எழுதினால் செல்லுமா? சுயநினைவோடு எழுதினால் செல்லும். முன்பு கிறிஸ்தவர்களுக்கு மட்டும், நெருங்கிய உறவு இருந்தால் தர்மத்துக்கான உயிலை இறப்பதற்கு 12 மாதத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும் என்று 118-வது பிரிவு சொன்னது. 2003-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இருந்தாலும் கடைசி நேர உயிலைத்தான் உறவினர்கள் முதலில் எதிர்த்து வழக்குப் போடுவார்கள்.

பச்சையப்பன் அறக்கட்டளை இன்றும் இயங்குகிறது. கிண்டி செல்லம்மாள் மகளிர் கல்லூரியும் அதன் கீழ்தான். நிர்வாகச் சண்டையும் ஓயவில்லை. அண்மை ஆண்டுகளில் விவகாரம் மறுபடியும் நீதிமன்றம் போய், ஓய்வுபெற்ற நீதிபதியை நிர்வாகியாகப் போடும் அளவுக்கு வந்தது. விசாரணை நடந்த சென்னை உயர் நீதிமன்றத்துக்கு எதிர்ப்புறம்தான் அந்த 1850-ம் வருஷத்து மண்டபம் நிற்கிறது.