ஜன்னலோரச் செடி

பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு சிறுமியை அடிக்கிறார்கள். அவள் மீது எச்சில் உமிழ்கிறார்கள். அவள் செய்த குற்றம் என்ன? வெள்ளையர் வாழும் தெருவில் அவள் தந்தை வீடு வாங்கிவிட்டார்!

அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1930 மே 19 அன்று பிறந்த லொரெய்ன் ஹான்ஸ்பெரிதான் அச்சிறுமி. அந்நாளில் அந்நகரின் கறுப்பின மக்கள் பெரும்பாலோர் தெற்கே ஒரு குறுகிய பகுதிக்குள் அடைபட்டிருந்தனர். மற்றத் தெருக்களில் கறுப்பருக்கு வீடு தருவதில்லை என வீட்டுக்காரர்கள் பத்திரமே எழுதி வைத்திருந்தனர். பெரிய வீடுகளைச் சிற்றறைகளாகத் தடுத்து, பல குடும்பங்களுக்கு ஒரே கழிப்பறை என வாடகைக்கு விட்டனர். லொரெய்னின் தந்தை கார்ல் அவர்களும் அப்படி வாடகைக்கு விட்டே பொருள் சேர்த்தவர். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

1937-ல் அவர் வாங்கிய வீட்டை ஒரு கும்பல் சூழ்ந்தது. உள்ளே பறந்து வந்த கல், லொரெய்னின் தலையில் படாமல் மயிரிழையில் தப்பியது. கணவர் வழக்குக்காக வெளியூர் சென்ற இரவுகளில், தாய் நானி கைத்துப்பாக்கியுடன் நான்கு பிள்ளைகளையும் காத்து விழித்திருந்தார். 1940-ல் உச்ச நீதிமன்றத்தில் வெற்றி கிட்டியது. ஆனால் அது சட்ட நுணுக்கத்தால் வந்த வெற்றி. அத்தகைய பத்திரங்களை நீதிமன்றங்கள் நிறைவேற்றக் கூடாதென்ற தீர்ப்பு 1948-ல்தான் வந்தது. அதைக் காணக் கார்ல் இல்லை, 1946-லேயே மறைந்துவிட்டார்.

அந்த மகள் எழுதிய நாடகம் 1959-ல் நியூயார்க்கின் பிராட்வேயில் அரங்கேறியது. கறுப்பினப் பெண் ஒருவரின் நாடகம் அங்கே மேடையேறியது அதுவே முதன்முறை! அதில் ஒரு தாய், வெளிச்சம் புகாத வீட்டின் ஒற்றை ஜன்னலில் வாடிய செடியொன்றை விடாது வளர்க்கிறாள். 1965 ஜனவரி 12 அன்று, 34 வயதிலேயே, புற்றுநோய் லொரெய்னைக் கொண்டுபோயிற்று.

வெளிச்சமும் பசுமையும் வீட்டோடு சேர்ந்தவை அல்லவா? 1930களில் அமெரிக்க அரசு நிறுவனமொன்று நகர வரைபடங்களில் கறுப்பின மக்களின் பகுதிகளைச் சிவப்பால் குறித்தது. அங்கே வீட்டுக்கடன் கிடைப்பது அரிதாயிற்று. பணம் போகாத தெருக்களில் மரங்கள் குறைந்தன. சிமெண்டும் தாரும் மிகுந்தன. 108 நகரங்களை ஆராய்ந்து 2020-ல் வெளியான ஆய்வின்படி, சிவப்புப் பகுதிகளின் தரை மற்றப் பகுதிகளைவிடச் சராசரியாக 2.6 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சுடுகிறது. கலிபோர்னியாவின் எட்டு நகரங்களில், அப்பகுதிகளிலிருந்து ஆஸ்துமாவுக்காக அவசர சிகிச்சைக்கு வருவோர் இரு மடங்குக்கும் அதிகம்.

கல் வந்து விழுந்த அந்த வீட்டை 2010-ல் சிகாகோ நகரம் நினைவுச் சின்னமாக அறிவித்தது.