பார்த்துப் பார்த்தே படித்த ரவிவர்மா

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குப் போகும் பஸ், மலை ஏறத் தொடங்கும் இடத்தில் கல்லாற்றைத் தாண்டுகிறது. உருண்டைக் கற்களின் மேல் தெளிந்து ஓடும் அந்தத் தண்ணீர்தான் கீழே வாமனபுரம் ஆறாகிக் கடலை நோக்கிப் போகிறது. மலைத் தோட்டங்களுக்குத் தேயிலை கிள்ள வந்த தமிழர்களின் லயங்களில், சுவரில் மாட்டிய லட்சுமி படம் தெரியாத பிள்ளை இருந்திருக்க முடியாது. தாமரைமேல் நிற்கும் அந்த லட்சுமிக்கு அச்சில் முகம் கொடுத்தவர், இதே ஆற்றுக்குச் சற்று வடக்கே உள்ள கிளிமானூரில் பிறந்தவர்.

இன்று படக்கதை வரைய ஆசைப்படும் பையனுக்குப் பார்த்துப் பழகப் படங்களுக்குப் பஞ்சமில்லை. பழைய அம்புலிமாமா உண்டு. அமர் சித்திரக் கதை உண்டு. முத்து காமிக்ஸ் உண்டு. எதை எடுப்பது, எதை விடுவது என்பதுதான் அவனுக்குத் திண்டாட்டம். ரவிவர்மாவுக்கு அந்தத் திண்டாட்டமே இல்லை. பார்க்கக் கிடைத்ததே சொற்பம். கிடைத்ததிலும் பாதியை ஒளித்து வைத்தார்கள்.

1848-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் தேதி கிளிமானூர் அரண்மனையில் ரவிவர்மா பிறந்தார். தாயார் உமாம்பா தம்புராட்டி. தந்தை எழுமாவில் நீலகண்டன் பட்டதிரி. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து கரித்துண்டும் கையுமாக அரண்மனைச் சுவர்களைப் பாழாக்கிய பிள்ளை என்று வேலைக்காரர்கள் புலம்பினார்களாம். சுவரைப் பார்க்காமல் கோட்டைப் பார்த்தவர் ஒருவர்தான்: தாய்மாமன் ராஜராஜ வர்மா. அவரும் ஓவியர். சுவாதித் திருநாள் காலத்தில் திருவிதாங்கூர் அரண்மனையில் புகழ்பெற்றிருந்த மதுரை அழகிரி நாயுடுவிடம் படம் எழுதப் பயின்றவர் அவர். ஆகவே ரவிவர்மாவின் கைக்கு முதலில் வந்து சேர்ந்தது நம் தமிழ்நாட்டு வித்தை. தஞ்சாவூர்ப் படங்களின் வழி. அழுத்தமான கோடு, பொன் வேலை, நேராக நம்மைப் பார்க்கும் தெய்வம். நிழலும் வெளிச்சமும் அதில் கிடையாது.

1862-இல், பதினான்கு வயதுப் பையனை மாமன் திருவனந்தபுரத்துக்கு அழைத்துப் போய் ஆயில்யம் திருநாள் மகாராஜாவிடம் நிறுத்தினார். மகாராஜாவுக்குப் பையனைப் பிடித்துவிட்டது. அரண்மனையிலிருந்த ஐரோப்பியப் படத் தொகுப்புகளைப் புரட்டிப் பார்க்க அனுமதி கிடைத்தது. சதைக்குச் சதை நிறம், துணிக்குத் துணி மடிப்பு, தூரத்தில் சிறுத்துப் போகும் மரம் என்று அவனுக்குப் புது உலகமே அந்தப் பக்கங்களில் இருந்தது. ஆனால் எண்ணெய் வர்ணத்தை எப்படிக் குழைப்பது, எதன்மேல் எதைப் பூசுவது என்பது புத்தகத்தில் இல்லையே! அது தெரிந்தவர் அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர். அவர் சொல்லித்தர மறுத்துவிட்டார். அவரிடம் வேலை பார்த்த ஆறுமுகம் பிள்ளை என்பவர் இரவு வேளைகளில் மறைவாக வந்து தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்தார் என்பார்கள்.

1868-இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் மகாராஜாவைப் படம் எழுத வந்தார். அவரும் கற்பிக்கச் சம்மதிக்கவில்லை. மகாராஜா சொன்ன பிறகு, வேண்டுமானால் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கி வந்தார். இருபது வயது இளைஞர் கேள்வி கேட்க வழியில்லாமல் நின்று, தூரிகை போகும் போக்கை மட்டும் கண்ணால் பிடித்தார். பிறகு தம் அறைக்குப் போய்ப் போட்டுப் பார்த்தார், அழித்தார், மறுபடி போட்டார். குருவென்று ஒருவர் வாய்த்திருந்தால் அவர் வழியே இவர் வழியாகியிருக்கும். மூன்று இடத்தில் மூன்று விதமாகப் பார்த்ததால் எது தமக்கு வேண்டும் என்பதைத் தாமே தீர்மானிக்க வேண்டியதாயிற்று. அந்த வகையில் நாயக்கர் மறுத்ததும் ஓர் உதவிதான். அவர் அப்படி நினைத்துச் செய்யவில்லை என்றாலும்.

அதன்பின் ஏற்றம் வேகமாக வந்தது. 1873-இல் சென்னைக் கண்காட்சியில், கூந்தலில் மல்லிகை சூடும் நாயர் பெண் படத்துக்குக் கவர்னரின் தங்கப் பதக்கம். அதே ஆண்டு வியன்னாவிலும் பரிசு. 1876-இல் சகுந்தலை கடிதம் எழுதும் படத்தைச் சென்னைக் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு விலைக்கு வாங்கினார். ஆனால் 1880-இல் ஆயில்யம் திருநாள் மறைந்து விசாகம் திருநாள் பட்டத்துக்கு வந்ததும் திருவனந்தபுரத்தில் ஆதரவு வற்றியது. நல்ல வேளையாக, பரோடாவில் திவானாக இருந்த கும்பகோணத்துக்காரர் சர் டி. மாதவராவ் ரவிவர்மாவை மறக்கவில்லை. பரோடா மகாராஜா சயாஜிராவ் 1888-இல் பதினான்கு புராணப் படங்களுக்கு உத்தரவு கொடுத்தார்.

படக்கதைக்காரன் கவனிக்க வேண்டிய இடம் இது. நளன் கதை நெடுங்கதை, படமோ ஒன்றுதான். எந்தக் கணத்தை எடுப்பது? சகுந்தலை காலில் முள் தைத்ததாகப் பாசாங்கு செய்து திரும்பிப் பார்க்கும் அந்த ஒரு கணத்தை ரவிவர்மா பிடித்தாரே, அதில் முன்கதையும் பின்கதையும் அடங்கிவிட்டன. இது ஐரோப்பியப் புத்தகத்தில் கற்றது மட்டுமல்ல. சிறுவயதில் கண்ட கதகளியும், பம்பாயில் தம்பி சி. ராஜராஜ வர்மாவுடன் போய்ப் பார்த்த நாடகங்களும் அதில் உண்டு. புராணப் பெண்கள் என்ன உடுத்தியிருப்பார்கள் என்று தேடி அண்ணனும் தம்பியும் வடநாடெல்லாம் சுற்றினார்கள். கடைசியில் சேலையையே தேர்ந்தெடுத்தார்கள்.

நல்ல படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி வர்ண அச்சில் எடுத்துப் பரப்பலாம் என்று மாதவராவ் முன்பே யோசனை சொல்லியிருந்தார். 1894-இல் ரவிவர்மா பம்பாயில் தாமே அச்சகம் தொடங்கினார். ஜெர்மன் இயந்திரம், ஜெர்மன் தொழிலாளர்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல். கோயிலுக்குள் போக அனுமதியில்லாதவர்களின் வீட்டுக்கும் சாமி படம் சில காசுக்கு வந்து சேர்ந்தது. அச்சகத்தால் அவருக்கு லாபமில்லை. கடன் ஏறியது, பம்பாயில் பிளேக் பரவியது. லோனாவலாவுக்கு அருகிலுள்ள மளவலிக்கு அச்சகத்தை மாற்றியும் தாங்கவில்லை. ஜெர்மன் நிபுணர் பிரிட்ஸ் ஷ்லெய்ஷரிடம் அதை விற்றுவிட்டார். 1905-இல், வாழ்நாளெல்லாம் உடன் வரைந்த தம்பி இறந்தார். அந்த அடியிலிருந்து ரவிவர்மா மீளவில்லை. 1906 அக்டோபர் 2-ஆம் தேதி கிளிமானூரில் காலமானார்.

பிற்காலத்து விமர்சகர்கள் அவரைக் காலண்டர் ஓவியர் என்று இளக்காரமாகச் சொன்னார்கள். காலண்டர் என்னவோ உண்மைதான். ஆசிரியரில்லாத எத்தனையோ பேருக்கு அந்த அச்சுப் படங்களே பாடப் புத்தகமாயின. நாடகத் திரை எழுதிக் கோவில்பட்டியில் தங்கிவிட்ட சி. கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் சிவகாசிக் காலண்டர்களுக்கு வரைந்த தெய்வங்கள் அந்த வம்சமே. 1967-இல் தொடங்கிய அமர் சித்திரக் கதையின் தமயந்தியும் சகுந்தலையும் நிற்கும் நிலை, சாய்க்கும் தலை, சேலையின் மடிப்பு எல்லாம் கிளிமானூரிலிருந்து வந்தவை. இதில் ஒரு வில்லங்கமும் உண்டு. அவர் பார்த்தது கதகளி மேடையை, தெருவில் போகும் பெண்ணை, ஜென்சனின் கையை. பின்னால் வந்த பலர் பார்த்தது அவர் படத்தை மட்டும். ஆகவே வரவர முகங்கள் பவுடர் பூசிய பொம்மைகளாயின. பழைய அமர் சித்திரக் கதை ஒன்றையும் ரவிவர்மா படம் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்தக் கோடு பார்த்து எழுதியது, எந்தக் கோடு பார்த்ததைப் பார்த்து எழுதியது என்பது பத்து வயதுப் பையனுக்கும் பிடிபடும்.

மளவலி அச்சகம் அவருக்குப் பின்னும் பல ஆண்டுகள் ஓடியது. சினிமாவுக்குப் போகுமுன் தாதாசாகேப் பால்கே அங்கே வேலை பார்த்திருக்கிறார். 1972-இல் தீப்பிடித்துப் பெரும் பகுதி எரிந்துபோனது. சிவகாசியில் முத்து காமிக்ஸின் முதல் புத்தகமான இரும்புக்கை மாயாவி கடைக்கு வந்ததும் அந்த ஆண்டில்தான்.